லேபிளில் இல்லாத கைகள்

1

தமிழில் திரைப்பாடல் குறித்து எழுதப்பட்டவற்றை இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். முதல் குவியல் பாட்டை வரிகளாக மட்டும் பார்ப்பது. பட்டுக்கோட்டையாரா கண்ணதாசனா என்று மேடை போட்டுப் பேசுவதெல்லாம் இதில் அடக்கம். தமிழ் எம்.ஏ. படித்த என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டதும் இதுதான்: பாட்டு என்றால் சொல், சொல் என்றால் பொருள், மற்றதெல்லாம் அலங்காரம். இரண்டாவது குவியல் மேதை வழிபாடு. ஒரு இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுத்து, அவரது தலைக்குள்ளிருந்து எழுபது வயலினும் நான்கு ட்ரம்பெட்டும் தாமாகவே கிளம்பி வந்ததுபோல் எழுதுவது. முதல் குவியலில் இசையே இல்லை. இரண்டாவதில் இசை இருக்கிறது, வாசித்தவர்கள் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே பேசப்படாமல் கிடக்கும் ஒன்று வாத்தியக் கோர்ப்பு. ‘அரேஞ்ச்மெண்ட்’ என்று ஸ்டுடியோவில் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் மெட்டு பிறந்துவிட்ட பிறகு, எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழைய வேண்டும், பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் யார் பதில் சொல்ல வேண்டும், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவிலுள்ள அந்த இருபது முப்பது வினாடியை எதைக்கொண்டு நிரப்புவது, மேல் ஸ்தாயியில் வயலின்கள் ஓடும்போது கீழே எது நகர வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை. இது ஒருவர் எழுதி முப்பது பேர் செய்து முடிக்கிற வேலை. பாட்டைக் கேட்கிற நமக்கு முப்பது பேரும் ஒரே ‘மியூசிக்’ ஆகிவிடுகிறார்கள்.

இந்த வேலையைக் காதால் பிரித்தறிய எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான். ஒரே கோர்ப்பின் வெவ்வேறு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பது. ஒரே ஒரு பதிவு மட்டும் கையிலிருந்தால் எது எழுதப்பட்டது, எது வாசித்தவரின் கை என்று சொல்ல முடியாது. எல்லாமே விதிக்கப்பட்டதுபோல் ஒலிக்கும். இரண்டாவது பதிவைக் கேட்ட கணத்தில் முதலாவது குலைந்து உழைப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். இலக்கியத்தில் பாடபேதம் பார்க்கிறோமே, அதே வேலைதான். சங்க இலக்கியத்துக்கு உ.வே.சா. செய்ததை ஒரு கிளப் டான்ஸ் பாட்டுக்குச் செய்ய நமக்குக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

2

இப்படிக் கேட்கும் பழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது ஜாஸ் இசைக்காரர்களும் அவர்களின் பித்துப்பிடித்த ரசிகர்களும். ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ என்ற உருப்படியை எடுத்துக்கொள்வோம். மூலம் ஜெல்லி ரோல் மார்ட்டனுடையது. அதை ஃபிளெட்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினப் பியானோக்காரர் தன் குழுவோடு 1928இலும் 1932இலும் 1933இலும் பதிவு செய்தார். அதே ஹெண்டர்சனின் கோர்ப்பை விலைக்கு வாங்கி 1935இல் பென்னி குட்மன் என்ற வெள்ளை இளைஞரின் குழு வாசித்தது. ‘ஸ்விங்’ யுகம் பிறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதியதும், குட்மனுக்கு ‘ஸ்விங் மன்னர்’ பட்டம் ஒட்டிக்கொண்டதும் அதற்குப் பிறகு. ஹெண்டர்சனோ தன் குழுவைத் தொடர்ந்து நடத்த முடியாமல் குட்மனுக்குக் கோர்ப்பு எழுதிக்கொடுத்துப் பிழைத்தார். 1952இல் இறந்துபோனார்.

இந்தப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் என்ன கிடைக்கிறது? குட்மன் குழுவில் ஒவ்வொரு பிரிவும் கத்தரித்ததுபோல் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறுகிறது. பன்னி பெரிகனின் ட்ரம்பெட் தொடக்கத்தில் வாய் அடைத்தபடி பேசத் தொடங்குவது அருமை, சும்மா சொல்லக்கூடாது. ஹெண்டர்சன் குழுவின் பதிவுகளில் அந்த ஒழுங்கு கிடையாது. அங்கே ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது தாளத்தைக் கொஞ்சம் பிடித்திழுக்கிறார்கள். கோல்மன் ஹாக்கின்ஸின் சாக்ஸபோன் கோர்ப்பின் வேலியைத் தாண்டிவிட்டு வருகிறது. கடைசிச் சுற்றில் பித்தளை வாத்தியங்கள் கேட்க ரீட் வாத்தியங்கள் பதில் சொல்லும் அந்தக் கேள்வி-பதில் எல்லாப் பதிவிலும் உண்டு. கறுப்பர்களின் தேவாலயத்தில் பிரசங்கியாருக்குச் சபை பதில் சொல்லும் முறையிலிருந்து வந்தது அது. ஹெண்டர்சன் குழுவில் அது சபையாக ஒலிக்கிறது, குட்மன் குழுவில் அணிவகுப்பாக ஒலிக்கிறது. தாளில் உள்ளது ஒன்றுதான். கேட்கிறது வேறு.

அடோர்னோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. இவ்வகை இசை வார்ப்பில் ஊற்றியது, எந்தப் பகுதியைக் கழற்றி எங்கே மாட்டினாலும் ஓடும், தனித்துவம்போல் தெரிகிற சிறு வித்தியாசங்கள் வெறும் பாவனை என்பது அதன் சாரம். நம் சூழலிலும் இதை மேற்கோளாகக் காட்டிச் சினிமாப் பாட்டை மொத்தமாகக் குப்பையில் தள்ளியவர்கள் உண்டு. அடோர்னோ சரக்கைச் சரியாகவே பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வார்ப்பு உண்மைதான். ஆனால் சரக்கைச் செய்த கைகளை அவர் எண்ணவில்லை. ஒரே வார்ப்பில் ஹாக்கின்ஸ் ஊற்றியதும் இன்னொருவர் ஊற்றியதும் ஒன்றாக இல்லையே, ஏன்? வித்தியாசம் பாவனை என்றால் அந்தப் பாவனைக்காக ஒரு மனிதன் இருபது வருஷம் சாதகம் பண்ணுவானா?

இன்னொரு உதாரணம். எலிங்டன் குழுவின் ‘டேக் தி ஏ ட்ரெய்ன்’. பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதியது, 1941 பிப்ரவரியில் பதிவானது. அதில் ரே நான்ஸ் வாசித்த ட்ரம்பெட் தனி ஆவர்த்தனம் அன்று அவர் கையிலிருந்து வந்தது. பிறகு அது கேட்பவர்களின் மனதில் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்தடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் அதையே ஒட்டி வாசிக்க வேண்டிவந்தது. கை எழுத்தாகிவிட்டது. 1941இன் 78 சுழற்சி இசைத்தட்டில் அந்த உருப்படி மூன்று நிமிஷத்துக்குள் முடிகிறது, ஏனென்றால் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான் கொள்ளும். 1952இன் நெடுந்தட்டில் அதே உருப்படி பெட்டி ரோஷேயின் பாட்டோடு எட்டு நிமிஷத்தைத் தொடுகிறது. வடிவம் கலைஞனின் உள்ளுணர்விலிருந்து மட்டும் பிறப்பதில்லை, தட்டின் விட்டத்திலிருந்தும் பிறக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு கூலிப் போராட்டமும் இருந்தது. 1942 ஆகஸ்ட் முதல் தேதி அமெரிக்க இசைத் தொழிலாளர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒருமுறை வாசித்ததைத் தட்டில் பிடித்து, அதையே வானொலியிலும் காசுபோட்டுக் கேட்கும் பெட்டியிலும் ஆயிரம் தடவை ஒலிக்கவிட்டு, உயிரோடு வாசிக்கிறவனை வேலையிலிருந்து துரத்துகிறீர்கள், தட்டுக்கு இவ்வளவு என்று எங்கள் நிதிக்குக் கொடுங்கள் என்பது கோரிக்கை. டெக்கா கம்பெனி 1943இல் பணிந்தது, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில் பணிந்தன. இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை: பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. ஆகவே வேலைநிறுத்தக் காலத்தில் பாடகர்கள் வாத்தியங்களே இல்லாமல், பின்னால் கோரஸை வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்தார்கள். குழுவின் பெயர் பெரிதாகவும் பாடகர் பெயர் சிறிதாகவும் இருந்த தட்டு, சில வருஷங்களில் தலைகீழானது. பிக் பேண்டுகளின் சரிவுக்கு இது ஒன்றே காரணம் இல்லை. என்றாலும் குரல் வாத்தியத்தைத் தின்ற கதையில் இது ஒரு முக்கியமான அத்தியாயம். நமக்கு நன்றாகப் பழகிய கதை.

3

எலிங்டன் குழு 1963இல் சென்னையிலும் வாசித்திருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் செலவில் மேற்காசியாவுக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பிய பயணம் அது. அந்த வருஷம் செப்டம்பரில்தான் அலபாமாவின் பர்மிங்காமில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். உள்நாட்டில் அப்படி, வெளிநாட்டுக்கு ஜனநாயகத்தின் விளம்பரமாகக் கறுப்பினக் கலைஞர்கள். அடுத்த வருஷம், 1964இல், ‘புதிய பறவை’ வருகிறது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘செல்வாக்கு’ என்று எழுதிவிட ஒரு சபலம் உண்டாகும். நான் போடமாட்டேன். பித்தளை வாத்தியம் தமிழ்நாட்டுக்கு எலிங்டனோடு விமானத்தில் வந்து இறங்கவில்லை. ராணுவ பேண்டிலும் மிஷன் பள்ளிக்கூடத்திலும் மாதா கோயில் திருவிழாவிலும் ஊமைப்படக் கொட்டகை வாசலிலும் அது ஏற்கனவே இருந்தது. நோட்ஸ் பார்த்து வாசிக்கத் தெரிந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் எனப் பலர் சென்னை ஸ்டுடியோக்களுக்கு வந்து சேர்ந்தார்கள். பம்பாயில் இந்த இடத்தைக் கோவாக்காரர்கள் நிரப்பினார்கள்.

விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்தை நினைவுகூர்கிறவர்கள் சில பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: உதவியாளர்கள் ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, ட்ரம்ஸுக்கு நோயல் கிராண்ட், கிடாருக்குப் பிலிப்ஸ், குழலுக்கு நஞ்சப்பா. வாமனன் போன்றவர்கள் சிரமப்பட்டுத் திரை இசை வரலாற்றைத் தொகுத்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாட்டில், எந்த நாளில், எந்த நாற்காலியில் யார் என்ற கணக்கு நம்மிடம் இல்லை. ஜாஸ் ரசிகர்கள் 1936லேயே, ஷார்ல் தெலோனே என்ற பிரெஞ்சுக்காரர் மூலம், தட்டுக்குத் தட்டு வாசித்தவர் பெயரோடு அட்டவணை போடத் தொடங்கிவிட்டார்கள். நம் கர்நாடகக் கச்சேரித் தட்டுகளின் உறையிலும் வயலின் யார், மிருதங்கம் யார் என்று போட்டிருக்கும். சினிமாத் தட்டின் லேபிளில் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். அதோடு சரி. சபையில் பக்கவாத்தியத்துக்குப் பெயர் உண்டு. கொட்டகையில் இல்லை.

‘புதிய பறவை’யில் பி. சுசீலா பாடிய ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ‘ஸ்வே’ என்ற ஆங்கிலப் பாட்டின் சாயல் அதில் உண்டு என்று பலரும் சுட்டியிருக்கிறார்கள். ‘காப்பி’ என்று சொல்லி எழுந்துபோகிறவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த ஆங்கிலப் பாட்டே மெக்சிகோக்காரர்களின் மெட்டு. அதன் தாள நடை கியூபாவிலிருந்து கிளம்பியது. கியூபாவுக்கு அது வந்தது ஆப்பிரிக்க அடிமைகளோடு. எது அசல், எது நகல் என்ற கேள்வியைக் கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும் கேட்பானேன்? எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பாட்டு எத்தனை உருவில் நம்மிடம் இருக்கிறது என்பது.

முதல் உரு, படத்தில் சிங்கப்பூர் விடுதி மேடையில் வருவது. இரண்டாவது, அதே படத்தில் பின்னால் சோகமாகத் திரும்பி வருவது. ஒரே மெட்டு, ஒரே குரல். இரண்டாம் முறை வேகம் இறங்கி, தாளத்தின் துள்ளல் கழன்று, மேடையில் அழைப்பாக இருந்தது குற்றஞ்சாட்டலாக மாறுகிறது. மெட்டுக்குள் பொருள் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். பொருளின் பாதி கோர்ப்பில் இருக்கிறது. இத்தனைக்கும் கதையில் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது என்ன என்பதைத் திரைக்கதை ஒளித்துவைக்க, வாத்தியங்கள் முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அந்தக் கால ஒலிப்பதிவு முறையையும் மனதில் வைக்க வேண்டும். ஒரே கூடத்தில் எல்லோரும். ஒற்றைத் தட ஒலி. தனித்தனியாகப் பதிந்து பிறகு ஒட்டும் வசதி இல்லை. ட்ரம்பெட்டின் சத்தம் அதிகமென்றால் குமிழைத் திருப்ப முடியாது, ட்ரம்பெட்காரரைப் பத்தடி பின்னால் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியதுதான். முப்பதாவது வயலின்காரர் தப்பு விட்டால் பாடகி முதற்கொண்டு எல்லோரும் திரும்ப முதலிலிருந்து. ஆகவே அந்தப் பதிவில் நாம் கேட்கும் ‘தூரம்’ உண்மையான தூரம். பித்தளை வாத்தியங்கள் பின்னாலிருந்து வருவது கற்பனை நயம் அல்ல, ஒரு மனிதர் சுவரோரம் நின்றிருந்தார்.

‘எங்கே நிம்மதி’ பாட்டுக்கு வருவோம். அதற்கு எத்தனை பேர் வாசித்தார்கள் என்று ஆளுக்கொரு கணக்கு உண்டு. முந்நூறு என்பார்கள், அதற்கு மேலும் போவார்கள். எனக்கு எண்ணிக்கையில் அக்கறை இல்லை. முந்நூறு என்று பெருமையாகச் சொல்கிற வாயால் முப்பது பெயர் சொல்லச் சொன்னால் திணறுகிறோமே, அதில்தான் அக்கறை. இங்கே எண்ணிக்கை பெயரைத் தின்றுவிட்டது.

4

மூன்றாவது உருவை நீங்கள் எந்தத் தட்டிலும் கேட்க முடியாது. அது எங்கள் பக்கத்துப் பொங்கல் திருவிழாக்களில், விடிய விடிய நடந்த மெல்லிசைக் கச்சேரிகளில் இருந்தது. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் என்று பங்குனி சித்திரையில் மேடை காலியாகாது. அந்தக் குழுக்களிடம் மூலக் கோர்ப்பின் தாள் கிடையாது. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஊசி தேயத் தேயக் காதால் பிடித்தது. சென்னையில் தாளில் எழுதப்பட்டது, தட்டாகி, காதாகி, மறுபடி கையாகிறது. கவுண்ட் பேஸியின் கான்சாஸ் நகரக் குழு இப்படித்தான் தாளே இல்லாமல், ஆளாளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொடுத்துக் கோர்ப்பு செய்தது. 1937இன் ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ அப்படிப் பிறந்தது. அங்கே அதற்கு ‘ஹெட் அரேஞ்ச்மெண்ட்’ என்று மரியாதையான பெயர். இங்கே ‘கேள்வி ஞானம்’ என்று உதட்டைப் பிதுக்குவோம்.

எழுபது வயலின் இருந்த இடத்தில் ஒரு வயலின். நான்கு ட்ரம்பெட் இருந்த இடத்தில் ஒன்று. ஆகவே குழு எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். இந்த முடிவுதான் என்னைப் பொறுத்தவரை தமிழில் நடந்த மிகக் கறாரான இசை விமர்சனம். ஏனென்றால் தப்பான இடத்தில் கைவைத்தால் கூட்டம் விடாது. சரணத்தில் ஒரு வரியை மறந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவிலுள்ள ‘பிட்’டை விட்டால் விசில் பறக்கும். நம்ம ஜனங்கள் வாயால் பாடுவது வரியை மட்டுமில்லை, அந்த வாத்தியத் துண்டையும் சேர்த்துத்தான். டீக்கடையில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் தட்டிக்கொண்டே ‘டட்டட்டாய்ங்’ என்று ட்ரம்பெட்டைப் பாடுகிறவனுக்குக் கோர்ப்பு என்றால் என்ன என்று தெரியும். எம்.ஏ. படித்தவனுக்குத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இந்தக் குழுக்களில் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் வாசித்தவர்களில் பலர் பகலில் கல்யாண ஊர்வலங்களுக்கு பேண்டு செட்டில் போனவர்கள். தோளில் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு, தலையில் தொப்பி. வயதான ஒரு ட்ரம்பெட்காரர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். “தம்பி, எங்கய்யா காலத்துல ‘ஏலே, மேளத்தைத் தூக்கிட்டு வா’ன்னுதான் கூப்புட்டாக. நான் இந்தக் கோட்டைப் போட்ட பொறகு ‘பேண்டு மாஸ்டர், வாங்க’ன்னாக. சாப்பாடு மட்டும் அதே எடத்துலதான் போட்டாக.” பறைக்கு சாதி உண்டு, ட்ரம்பெட்டுக்கு இல்லை என்ற நம்பிக்கையில் வாத்தியம் மாறியவர்களின் வரலாறு இந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. சீருடை கொஞ்ச தூரம் கூட வந்தது. பந்திக்கு முன்னால் நின்றுவிட்டது.

எண்பதுகளுக்குப் பிறகு கீபோர்டு வந்தது. நான்கு ஊதல்காரர்களின் சம்பளத்தை ஒரு விரல் மிச்சப்படுத்தியது. இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. குழு நடத்துகிறவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் காதில் விழுவதைச் சொல்லியாக வேண்டும். நான்கு பேர் ஒன்றாக ஊதும்போது ஒருவர் அணுவளவு முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார், ஒருவருக்கு உதடு களைத்திருக்கிறது. அந்தச் சின்னச் சின்னப் பிசிறுகள் சேர்ந்துதான் ‘கனம்’ என்று நாம் சொல்வது உண்டாகிறது. கீபோர்டில் நான்கும் ஒரே நொடியில், ஒரே அழுத்தத்தில் பிறந்து ஒரே நொடியில் சாகின்றன. மூச்சு வாங்காத ட்ரம்பெட் அது.

நான்காவது உரு ரீமிக்ஸ். 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘பொன்மகள் வந்தாள்’ விஸ்வநாதனின் பித்தளை வாத்தியக் கோர்ப்புகளில் உச்சம் என்று சொல்லத்தக்கது. அது 2007இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ரீமிக்ஸாக வந்தது. பழசைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கூப்பாட்டில் எனக்குச் சேர்க்கை இல்லை. குட்மன் ஹெண்டர்சனைக் கெடுத்தாரா என்ன? இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரிவது வேறு. ரீமிக்ஸ் எதை மறக்கமுடியாதது என்று தேர்ந்தெடுத்திருக்கிறது? மெட்டை, அப்புறம் அந்தப் பித்தளை முழக்கத்தை. ராப்புக்கு இடம் கொடுத்தபோதும் முழக்கத்தை விட முடியவில்லை. அதாவது 37 வருஷம் கழித்தும் சந்தையில் விலைபோகிற சரக்கு அந்தக் கோர்ப்பும்தான். பாட்டின் முதலீடாக அது இருக்கிறது, ஆனால் அதற்குப் பங்குதாரர் இல்லை.

5

பெயரில் என்ன இருக்கிறது, பாட்டுதானே முக்கியம் என்று கேட்பவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. 1957இன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் ‘நிகழ்த்துநர் உரிமை’ சேர்க்கப்பட்டது. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கைக் கொடுத்தது. நல்ல விஷயம். அதே திருத்தம் ‘நிகழ்த்துநர்’ யார் என்ற விளக்கத்துக்கு ஒரு விலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரது பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழிலின் சாதாரண வழக்கப்படி அவரது பெயர் டைட்டில் உட்பட எங்கும் குறிப்பிடப்படாவிட்டால், அவர் நிகழ்த்துநர் ஆகமாட்டார். அவருக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று: தான் நிகழ்த்தியதைத் தன் மதிப்புக்குக் குந்தகமாகச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை.

இதை நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். பெயர் போடாதது ‘வழக்கம்’. வழக்கப்படி பெயர் போடாததால் உரிமை இல்லை. முதலில் பெயரை எடுத்துவிடு, பிறகு பெயர் இல்லாததையே காரணமாகக் காட்டு. எது ‘துணையானது’ என்று யார் தீர்மானிப்பது? ஒரு பாட்டை நாலு தலைமுறை டீக்கடையில் வாயால் ஊதும்படி செய்த ட்ரம்பெட் துணையானதா? எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் திரை இசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டியபோது முன்வைத்த கேள்வி கூலி பற்றியது. அன்றைய தேதிக்கு அதுதான் அவசரம். கூலியை வாங்கித் தந்த சங்கம் உண்டு. கையின் பெயர் இன்னும் வாங்கப்படவில்லை. ரஹ்மானின் கேசட், சிடி உறைகளில் வாசித்தவர்கள் பெயர்கள் இடம்பெற்றபோது ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. இப்போது கைபேசியில் பாட்டுக் கேட்கிறோம். உறையே இல்லை. பாடகர், இசையமைப்பாளர், ஒரு சதுரப் படம். 78 தட்டின் லேபிளுக்கே திரும்பிவிட்டோம்.

லேபிள் என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அச்சடித்துப் பிழைக்கிற பகுதி இது. லேபிளில் மயில் இருக்கும், அணில் இருக்கும், சாமி இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும். தீப்பெட்டியாபீஸில் குச்சி அடுக்கியவள் பெயர் இருக்காது. லேபிளின் வேலை பொருளுக்கு ஒரு முகத்தைக் கொடுப்பது, செய்த கையை மறைப்பது. 2012 செப்டம்பரில் முதலிபட்டியில் வெடிவிபத்து நடந்தபோது செத்தவர்களின் தொகை அன்றைக்கே நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பெயர்களில் ஒன்றையாவது இன்று சொல்லக்கூடியவர்கள் அந்தந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான். சாவையும் பாட்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஆளைத் தொகையாக்கும் கணக்கு ஒன்றுதான். முந்நூறு வயலின் என்று வியக்கிற மனசும் இத்தனை பேர் பலி என்று உச்சுக்கொட்டுகிற மனசும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

எழுத்தாளர்களுக்கும் களத்தில் நிற்கும் தோழர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது நடைமுறை சார்ந்த ஒன்று. ஜாஸ் அட்டவணைக்காரர்கள் வாசித்தவர் பெயர்களைக் கண்டுபிடித்தது அழகியல் உள்ளொளியால் இல்லை. இசைத்தட்டுக் கம்பெனிப் பேரேடுகளையும் சங்கத்தின் ஒப்பந்தச் சீட்டுகளையும் தோண்டினார்கள். உயிரோடிருந்தவர்களைத் தேடிப் போய்ப் பாட்டைப் போட்டுக்காட்டி, ‘இது யார் ஊதுறது?’ என்று கேட்டார்கள். நம்மிடமும் கோடம்பாக்கத்தில் வாசித்து ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் கச்சேரிக் குழுக்களில் ஊதி ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டிரங்குப்பெட்டியில் ஒரு கூலிச்சீட்டோ, மடித்துவைத்த நோட்ஸ் தாளோ, ஒரு குரூப் போட்டோவோ இருக்கலாம். போட்டோவின் பின்பக்கம் பெயர்களை எழுதி வாங்குவது ஒரு மாலை நேர வேலை. நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன தமிழ்த்துறைகள் இதை ஒரு வேலையாக மதித்ததாகத் தெரியவில்லை.

மெட்டு யாருடையது என்று நீதிமன்றங்களில் வழக்கு நடக்கிற காலம் இது. 2017இல் இளையராஜா தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. பாட்டு இசையமைத்தவருக்கா, பாடியவருக்கா? அந்த விவாதத்தில் இருவருக்கும் பின்னால் சுவரோரம் நின்று ஊதியவர் பக்கம் ஒரு கட்சி கட்டப்படவே இல்லை. அப்படியொரு கட்சி வேண்டும் என்பதற்கான முதல் ஆதாரம் நம் காதுகளில் இருக்கிறது. ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். பாடுகிறவரை ஒதுக்கிவிட்டு, பின்னால் நிற்பவரைக் கேளுங்கள்.